நான் அறிந்த வரையில்

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கே ஆபீஸ் என்றுதான் பெயர். வெளியே போகும் எந்தக் கடிதமானாலும் அதில் ‘டு தி பெஸ்ட் ஆஃப் மை நாலெட்ஜ்’ என்று இருந்தாக வேண்டும், முதலாளி அண்ணாச்சிக்கு. ‘நான் அறிந்த வரையில்’ என்று அர்த்தம். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அதைப் போட்டுவிட்டால் என்ன எழுதினாலும் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று நம்பினார். எனக்குச் சிரிப்பாக வரும்.

அந்த வைகாசியில், மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளைக் காயவைக்கும் அறையில் தீப்பிடித்தது. உள்ளே ஒருத்திதான் இருந்தாள், பசுவந்தனையிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள். பின்கதவு வெளியே பூட்டியிருந்தது. குச்சி களவு போகிறதென்று அண்ணாச்சி போட்ட பூட்டு. அவள் தீக்குள் புகுந்துதான் முன்கதவு வழியாக வந்தாள். இரண்டு கையும் வெந்துபோயின. மறுநாள் அந்தப் பூட்டைக் காணோம்.

விசாரணைக்கு அதிகாரி வருகிற அன்று காலையில் அண்ணாச்சி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“பின்கதவு தொறந்துதான் கெடந்துச்சு, அவளாத்தான் பதறிப்போயி முன்பக்கம் ஓடியிருக்கான்னு அடிம்மா. கீழ நீ கையெழுத்துப் போடு. நான் அன்னைக்கு மதுரைக்குப் போயிருந்தேன், இங்கன இருந்தது நீதான.”

“அது பொய்யில்லையா அண்ணாச்சி?”

“அதுக்குத்தான அந்த வார்த்த இருக்கு. அத முன்னால போட்டுரு.”

கதவு திறந்திருந்தது என்றால் தப்பு அவளுடையது, நஷ்டஈடு கிடையாது. அந்தக் கையை வைத்துக்கொண்டு இனி எந்த ஆபீஸில் போய் குச்சி அடுக்குவாள்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பயமும்தான். என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அடித்து முடித்து, கையெழுத்தும் போட்டேன். வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அண்ணாச்சி தாளை எடுத்துப் பார்த்தார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வரியைக் கண்டுபிடிக்க அவருக்குத் தெரியும்.

“அந்த வார்த்தையக் காணோமே?”

“அது சரியாத் தெரியாதவிய போடுதது அண்ணாச்சி.”

அவர் முகம் கறுத்துவிட்டது. “என்னட்டி எழுதி வச்சிருக்க?” என்று தாளைக் கசக்கப் போனார். அதற்குள் அதிகாரி உள்ளே வந்து கையை நீட்டினார். கொடுக்க வேண்டியதாயிற்று.

அதிகாரி நின்றபடியே வாசித்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

“கதவு வெளிய பூட்டியிருந்துச்சுன்னு இவ்வளவு உறுதியா எழுதியிருக்கீங்களேம்மா. யாராவது சொன்னாங்களா?”

அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“யாரும் சொல்லல சார். அவ உள்ள இருந்து தட்டத் தட்ட, வெளிய நின்னு அந்தப் பூட்டப் பிடிச்சு இழுத்தது நான்தான்.”