டி.வி. மூலையில் பாக்கியம்

1. கறைப் புகார்

ஏற்காட்டில் பத்தொன்பது வருஷம் கேபிள் டி.வி. நடத்தியவன் நான். இப்போது வீட்டுக்கு வீடு செட்டாப் பெட்டி மாட்டுகிற பையன்கள் என்னைப் பார்த்தால், "உங்க காலத்துல என்னங்கண்ணா பெரிய வேலை, வயரை இழுத்துவிட்டா முடிஞ்சுது" என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வயரை இழுப்பது சுலபம்தான். வயரின் அந்த முனையில் உட்கார்ந்திருக்கிற மனுஷர்களைச் சமாளிப்பதுதான் வேலை.

ஊருக்குள் ஒண்டிக்கடை முக்குப் பக்கம் ஒரு மாடி அறைதான் என் கண்ட்ரோல் ரூம். மொட்டை மாடியில் டிஷ். அறைக்குள் ரிசீவர், மாடுலேட்டர், இரண்டு வி.சி.ஆர். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கே போன் அடிக்க ஆரம்பித்தது. எல்லோருக்கும் ஒரே புகார். படத்தின் மேல் மூலையில் ஏதோ கறை.

நடந்தது இதுதான். அதுவரை சேட்டிலைட் சேனல்காரன் தன் சின்னத்தை நிகழ்ச்சிக்கு நடுவில் காட்டிவிட்டு எடுத்துவிடுவான். அன்றிலிருந்து நாள் முழுக்க அதை மூலையில் நிறுத்திவிட்டான். நான் என்ன செய்ய முடியும்? இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கே இல்லை. ஒருத்தரும் நம்பவில்லை.

தலைச்சோலையிலிருந்து ஒருத்தர் பஸ் ஏறி வந்து, டிஷ்ஷில் மஞ்சு படிந்திருக்கும், ஏறித் துடைத்துவிடு என்றார். துடைக்கிற மாதிரி துடைத்துக் காட்டித்தான் அவரை அனுப்ப முடிந்தது. இன்னொருத்தர் மண்ணெண்ணெய் போட்டு டி.வி. கண்ணாடியைத் தேய்த்திருந்தார். ஒரு அம்மா சின்னத்தின் மேலேயே ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டார். அளவு சரியாக இருந்தது, கறை மறைந்தது, அவருக்கு சந்தோஷம். அப்புறம் கிரிக்கெட் மேட்ச் வந்தது. விக்கெட் கணக்கு அந்தப் பொட்டுக்கு அடியில் போய்விட்டது. அவர் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் வர்ணனை புரியாது. நம்ம ஆட்கள் ஒரு விக்கெட்கூட விடவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒண்டிக்கடைக்குப் பட்டாசு வாங்க வந்துவிட்டார். ஏழு பேர் அவுட் என்று டீக்கடையில்தான் அவருக்குச் சொன்னார்கள். நேராக என் மாடிக்கு ஏறி வந்து என்னைத் திட்டினார். பொட்டு ஒட்டியது நானா?

2. பி.வி.

இவ்வளவு திட்டு வாங்கிய நானே அதே வேலையைச் செய்தேன். காரணம் இருந்தது.

எனக்கு ஒரு லோக்கல் சேனல் உண்டு. தினம் மூன்று படம், கேசட்டில் போடுவேன். பேர் பாக்கியம் விஷன். பாக்கியம் என் மனைவி. மஞ்சக்குட்டை ரோட்டில் டீக்கடை வைத்திருந்த பழனிசாமி, தானும் கேபிள் கொடுப்பதாக நாற்பது வீடு பிடித்திருந்தான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு வி.சி.ஆர். ஆனால் நான் என்ன படம் போட்டேனோ அதே படம், அதே நேரத்தில் அவன் லைனிலும் ஓடுவதாகப் பேச்சு. எங்கேயோ என் வயரில் கொக்கி போட்டிருக்கிறான். அந்த ரோடு முழுக்கக் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரம். எந்த மரத்தில் போட்டிருக்கிறான் என்று எப்படித் தேடுவது?

சேலம் போய் ஒரு லோகோ ஜெனரேட்டர் வாங்கி வந்தேன். வட்டத்துக்குள் பி.வி. என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து. நல்ல வெள்ளை, நல்ல தடிமன், வலது பக்கம் கீழ் மூலை. படம் ஓடுகிற வரைக்கும் அதுவும் ஓடும். பழனி டி.வி.யில் பி.வி. தெரிந்தால் மாட்டினான் என்று கணக்குப் போட்டேன்.

அவன் மாட்டவில்லை. நான் ஜீப்பில் ஏறினாலே அவனுக்குச் சேதி போய்விடும். நான் கடைக்குள் நுழையும்போது, அவன் டி.வி.யிலும் நாற்பது வீட்டு லைனிலும் அவன் சொந்த வி.சி.ஆரின் கேசட்தான் ஓடும். மூலை சுத்தமாக இருக்கும். "வாங்கண்ணா, டீ சாப்புடுங்க" என்பான். அந்த டீயைக் குடித்து ஒரு வருஷம் வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

திருடன் மாட்டவில்லை, என் கஸ்டமர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். படத்தில் கீழே எழுத்து வந்தால் பாதி மறைகிறது, கதாநாயகி உட்கார்ந்தால் முகத்தில் பி.வி. நிற்கிறது என்று தினமும் புகார். நான் எதையும் மாற்றவில்லை. பிடிக்காவிட்டால் பார்க்காதே என்று இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன். அப்படித்தான் நான்.

3. எஸ்தர் சிஸ்டர்

எஸ்தர் சிஸ்டர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். மஞ்சக்குட்டை ரோட்டில், பழனி கடைக்கு இரண்டு மைல் முன்னாடி அவர் வீடு. அவரைச் சுற்றி முப்பது வீடு, எல்லாம் என் கனெக்‌ஷன். சிஸ்டர் எந்த மாத்திரை சொல்கிறாரோ அதை விழுங்குகிற ஜனங்கள். அவர் எந்த கேபிள் சொல்கிறாரோ அதைத்தான் போடுவார்கள்.

ஒரு நாள் கூப்பிட்டுவிட்டார். போனேன்.

"மாணிக்கம், வேற சேனல் வெச்சாலும் உன் எழுத்து தெரியுது. டி.வி.க்குள்ளயே ஒட்டிக்கிச்சு."

"அப்படியெல்லாம் ஒட்டாதுங்க சிஸ்டர். கண்ணை செக் பண்ணிக்கங்க" என்றேன்.

பார்க்காமலே சொன்னேன். டி.வி.யைப் போட்டுக் காட்டச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. செய்யவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஊசி போட நரம்பு தேடிய கண்ணைப் பார்த்து இப்படிச் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. பழனி வந்து, சுத்தமான படம் தருகிறேன் என்று கேட்டிருக்கிறான், சனிக்கிழமை அவன் கடைக்கே போய்ப் பார்க்கப்போகிறேன், நன்றாக இருந்தால் எங்கள் ரோடு முழுக்க மாறும் என்றார். சேட்டிலைட் சேனலிலும்தான் சின்னம் நிற்கிறது, அவனைக் கேட்பீர்களா என்றேன்.

"அவன் எங்கயோ பம்பாயில இருக்கான். அவனை நான் புடிக்க முடியாது. நீ ஒண்டிக்கடையில இருக்கே." அதோடு, "நீயும் வா சாமி. உன் முதுகுக்குப் பின்னால எதையும் பண்ணுனேன்னு இருக்கக்கூடாது" என்றார்.

அந்த முப்பது வீடு போனால் அடுத்த ரோடும் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் பாக்கியம் போட்ட சோறு இறங்கவில்லை.

4. ரீவைண்ட்

சனிக்கிழமை காலை பஸ்ஸில் சிஸ்டர் ஜன்னலோரம், நான் பின் சீட்டில். பழனி கடையில் பெஞ்சைத் துடைத்து வைத்திருந்தான். வாசலுக்கு நேராக உயரத்தில் ஒரு பலகை, அதில் கலர் டி.வி. ரோட்டு வெளிச்சத்துக்கு ஈடாக பிரைட்னஸ் முழுக்க ஏற்றி, காலையில் கடை திறந்து மூடும் வரை ஓடுகிற டி.வி. படம் ஓடிக்கொண்டிருந்தது. மூலை சுத்தம்.

"பாத்தீங்களாங்க சிஸ்டர், பளிங்கு மாதிரி" என்றான் பழனி. சிஸ்டருக்குச் சர்க்கரை இல்லாத டீ, எனக்கு வழக்கமான டீ.

பத்து நிமிஷம் பார்த்தார். தலையாட்டினார். அப்புறம், "இது நான் பாத்த படம் கண்ணு. வேற போடு" என்றார்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். சேலத்து கேசட் லைப்ரரியில் ரீவைண்ட் பண்ணாத கேசட்டைத் திருப்பிக் கொடுத்தால் அபராதம், அதோடு நாலு பேர் முன்னால் திட்டு. அதனால் எங்கள் தொழிலில் எவனும் ரீவைண்ட் பண்ணாமல் கேசட்டை வெளியே எடுக்க மாட்டான். வீடு தீப்பிடித்தாலும் ரீவைண்ட் பண்ணிவிட்டுத்தான் ஓடுவோம். கையில் ஊறிப்போன பழக்கம். பழனியும் அதைத்தான் செய்தான். ஸ்டாப்பை அழுத்தினான், ரீவைண்டை அழுத்தினான், அடுத்த கேசட் தேடிக் குனிந்தான். வி.சி.ஆர். உய்ய் என்று சுற்றியது. ரீவைண்ட் ஆகும்போது அந்த மாடலில் திரை முழுக்க ஒரே நீலமாக நிற்கும்.

சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பெஞ்சு மேல் ஏறினார். நான் பிடித்துக்கொண்டேன்.

"பழனி, மூலையில ஏதோ அழுக்கு இருக்குது."

"ஈ உக்காந்திருக்குமுங்க சிஸ்டர்."

ஈரத்துணி கேட்டு வாங்கித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். நகத்தால் சுரண்டினார்.

"ஏஞ்சாமி, உங்க ஊர்ல ஈ பி.வி.ன்னு எழுதுமா?"

நானும் பெஞ்சில் ஏறினேன். நீலத் திரையில், வலது கீழ் மூலையில், மங்கலாக, கொஞ்சம் கறுப்பாக, வட்டத்துக்குள் என் இரண்டு எழுத்து. ஒரு வருஷமாக நாள் முழுக்க என் லோகோ அதே இடத்தில் எரிந்து பிக்சர் டியூபைச் சுட்டு வைத்திருந்தது. அவன் லைனை மாற்றலாம், கேசட்டை மாற்றலாம், டியூபில் விழுந்ததை என்ன செய்வான்?

"இது மேல் அழுக்கு இல்லை. தழும்பு. உள்ள இருக்குது" என்றார் சிஸ்டர்.

நான் குதிக்கலாம் போல இருந்தது. பழனியின் சட்டையைப் பிடித்தேன். அவனை என்ன திட்டினேன் என்பது இங்கே எழுதுகிற மாதிரி இல்லை. சிஸ்டர் பெஞ்சு மேலேயே நின்றுகொண்டு கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு மாணிக்கம். இவன் திருடன்னு தெரிஞ்சுது. நீ என்னைக் குருடின்னு சொன்னது பொய்யின்னும் தெரிஞ்சுது. ரெண்டு பேர்ல நான் யார்கிட்ட கனெக்‌ஷன் வாங்கறது?"

கடையில் இருந்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். வி.சி.ஆர். டக்கென்று நின்றது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் என்னுடையது. "நான் பார்க்காம பேசிட்டேங்க சிஸ்டர். தப்புதான். நாளைக்கே எழுத்தை எடுத்துடறேன்" என்றேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை. இன்னைக்கே எடு. நீ எடுக்கற வரைக்கும் இங்கயே அந்த டீயைக் குடிச்சுட்டு இருக்கேன்" என்று பெஞ்சிலிருந்து இறங்கினார்.

5. சில்வர் ஓக்

பழனியே கூட்டிப்போய்க் காட்டினான். ஒரு சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. அந்தக் கொடியோடு கொடியாகப் பச்சை வயரைச் சுற்றி மேலே கொண்டுபோய் என் லைனில் செருகியிருந்தான். ஒரு வருஷம் அந்த மரத்தடியில்தான் நான் நின்று பீடி குடித்திருக்கிறேன்.

"அறுத்துடாதீங்கண்ணா. நாப்பது ஊட்டுலயும் இன்னைக்குப் படம் பாக்கோணும். நொம்ப திட்டுவாங்க" என்றான். திட்டு வாங்குவது என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். அதோடு மரத்தில் வயருக்கு ஒட்டுப் போட்டிருந்த விதம் சுத்தமாக இருந்தது, என் லைன்மேன்கூட அப்படிப் போட மாட்டான். அவனையே அந்த ரோட்டுக்கு லைன்மேனாகப் போட்டேன். ஆறு வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தான். டீ மட்டும் கடைசி வரை மோசம்.

அன்று சாயந்திரமே லோகோ ஜெனரேட்டரைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டேன். அதற்கப்புறம் படம் தொடங்கும்போது ஒரு தரம், இன்டர்வெல்லில் ஒரு தரம் பேர் போடுவேன், எடுத்துவிடுவேன். புகார் நின்றது. முப்பது வீடும் என்னோடு இருந்தது.

ஆனால் சிஸ்டர் டி.வி.யில் விழுந்த தழும்பு போகாதே. அதனால் என் வீட்டு டி.வி.யைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் வீட்டில் வைத்தேன், அவருடையதை எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்தேன். இப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோதுதான் சிஸ்டர் முதல்முறையாகச் சிரித்தார்.

தம்பிகளா, நான் கற்றது ஒன்றுதான். கஸ்டமர் ஒன்று தெரிகிறது என்றால் முதலில் போய்ப் பார். அப்புறம் சண்டை போடு. நம் பேரை நாம் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அது நம் வீட்டுச் சுவரில். அவர்கள் காசு கொடுத்து வாங்கின டி.வி.யில் நாலு மூலையும் அவர்களுடையது.

சிஸ்டர் வீட்டு டி.வி. எங்களிடம் எட்டு வருஷம் ஓடியது. எந்த சேனல் வைத்தாலும், செய்தியோ சினிமாவோ மேட்ச்சோ, கீழே மூலையில் மங்கலாகப் பி.வி. நிற்கும். விருந்தாளி யாராவது இது என்ன கறை என்று கேட்டால் நான் பேசுவதற்குள் பாக்கியம் முந்திக்கொள்வாள்.

"கறை இல்லைங்க, எம் பேரு. எல்லா சேனலும் நம்மளுதுதாங்க."