நெருப்பில் போன கரம் போர்ட்

மல்வேர்னில் எங்கள் மாடிக் கட்டடத்தில், பக்கத்து வீட்டில் ஒரு சீனத் தம்பதி இருந்தார்கள். அந்த மனிதரும் என் அப்பாவும் பின்னேரங்களில் கீழ்த்தளக் கூடத்தில் கரம் விளையாடுவார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. காய் குழிக்குள் விழுந்தால் ஒருவர் சிரிப்பார், மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதலில் அப்பா போனார். அவருடைய சாம்பலை ஆற்றில் கரைத்தோம். அடுத்த குளிர்காலத்தில் அந்த மனிதரும் போய்விட்டார்.

இந்த ஏப்ரலில் அவருடைய மனைவி, நான் அன்ரி என்று கூப்பிடுபவர், எங்கள் கதவைத் தட்டினார். கல்லறையைத் துப்புரவாக்கி இறந்தவர்களுக்குப் படைக்கும் நாள் வருகிறதாம். மகன் வான்கூவரில். என்னால் காரில் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார்.

"நானும் வாறன்" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார். உடனே வடைக்கு உழுந்து ஊறப்போட்டார்.

பனி அப்போதுதான் கரைந்து, கல்லறைத் தோட்டம் சேறாய்க் கிடந்தது. அன்ரி கல்லைத் துடைத்தார், அம்மா சருகு பொறுக்கினார். தோடம்பழம், பொரித்த கோழி, தேநீர், அம்மாவின் வடை எல்லாம் வைத்து, ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டோம். பிறகு அன்ரி ஒரு தகர வாளியை வைத்துப் பையைத் திறந்தார். கடதாசிச் சட்டை, கடதாசிச் சப்பாத்து, கடதாசிக் காசு. எரித்தால் இவையெல்லாம் இறந்தவரிடம் போய்ச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

கடைசியாக ஒரு சதுர அட்டை வந்தது. நான்கு மூலையிலும் வட்டமாக வெட்டியிருந்தது. கரம் போர்ட்! கடையில் கிடைக்காததால் சீரியல் பெட்டியை வெட்டிப் பலகையும் காய்களும் தானே செய்தாராம்.

"அவர் தனியாக எப்படி விளையாடுவார்? உன் அப்பாவும் அங்கேதானே இருக்கிறார்" என்றார் ஆங்கிலத்தில்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காய்களை ஆராய்ந்தார். "பிள்ளை, சிவப்புக் காய் எங்கை? உது இல்லாமல் அனுப்பினால் ரெண்டு பேரும் அங்கையும் சண்டை பிடிப்பினம்."

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அன்ரி தலையில் கைவைத்தார். கைப்பையைக் கிளறினேன். லிப்ஸ்டிக் அகப்பட்டது. ஒரு வெள்ளைக் காயில் பூசினேன்.

"மற்றப் பக்கமும் பூசு" என்றார் அம்மா.

அட்டையின் பின்பக்கத்தில் அன்ரியின் கணவர் பெயர் சீனத்தில் இருந்தது. அன்ரி பேனையை நீட்ட, பக்கத்தில் அப்பாவின் பெயரைத் தமிழில் எழுதினேன்.

காற்று நெருப்பைப் பிடிக்கவே விடவில்லை. மூவரும் போட்டிருந்த கோட்டை விரித்து வாளியை மறைத்து நின்றோம். ஒருவழியாக அட்டை எரிந்தபோது, ஒரு கறுப்புக் காய் மட்டும் எழும்பிப் பறந்தது. அம்மா சேற்றில் ஓடிப்போய்ப் பிடித்து, வாளிக்குள் போட்டுவிட்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். அப்பா போனபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

படைத்ததைக் காருக்குள் இருந்து சாப்பிட்டோம். திரும்பும் வழியில், யாருடைய கணவர் அதிகம் வென்றவர் என்று வழக்கு வந்துவிட்டது.

"பின்னேரம் கூடத்துக்கு வரச் சொல்லு. நான் விளையாடிக் காட்டுறன்" என்றார் அம்மா. அதுவரை இரண்டு பேருமே ஒருநாளும் கரம் விளையாடியதில்லை.

வந்தார்கள், விளையாடினார்கள். அம்மா தோற்றார். இரவுச் சாப்பாடுவரை என்னோடும் கதைக்கவில்லை.