காலி செய்யாத வீடு

பெரம்பலூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் ஆறு வீடுகள். கீழே இரண்டு, முதல் மாடியில் இரண்டு, அதற்கு மேலே இரண்டு. கட்டியவர் மேல் மாடிகளை மகனுக்கும் தரைத்தளத்தை மகளுக்கும் எழுதிவைத்துவிட்டு இறந்துபோனார். மகன் அரியலூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவரைத்தான் ஓனர் என்போம். அவருடைய அக்கா, கணவரை இழந்தவர், கீழே ஒரு வீட்டில் தனியாக இருந்தார். பக்கத்து வீட்டை, சிங்கப்பூரில் இருக்கும் மகன் வந்தால் தங்குவதற்கென்று பூட்டியே வைத்திருந்தார். எங்களுக்கும் அவர் அக்காதான்.

நான் முதல் மாடியில் இருந்தபடி ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். என் கணவருக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் லாரிகளை எடைபோடும் வேலை. எதிர்வீட்டில் செல்போன் பழுது பார்க்கும் பாயும் அவர் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். மேல் மாடியில் ஒரு வாத்தியார் குடும்பம், ஒரு கண்டக்டர் குடும்பம்.

கட்டடத்துக்கு வயதாகியிருந்தது. மழைக்காலத்தில் அடுப்படிக் கூரையில் ஈரம் படரும். பால்கனியின் அடிப்பக்கத்தில் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்த்தது. வாடகை குறைவு, பஸ் ஸ்டாண்டு பக்கம், வாடிக்கைக்காரர்கள் பழகிவிட்டார்கள். அதனால் கம்பியைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓனர் ஒரு இன்ஜினியரை அழைத்துக்கொண்டு வந்தார். இன்ஜினியர் சின்னச் சுத்தியலால் கூரையைத் தட்டித் தட்டிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஓனர் எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டார்.

"கட்டடம் மோசமா இருக்கு. பழைய பூச்செல்லாம் உடைச்சு, கம்பி மாத்தி, புதுசா பண்ணணும். அடுத்த மாசம் எல்லாரும் காலி பண்ணிடுங்க."

"வேலை முடிஞ்சதும் திரும்பி வந்துடலாம்ல சார்?" என்றார் கண்டக்டர்.

"அத அப்பறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்பறம்'தான் எங்களைக் கிளப்பிவிட்டது. புது டைல்ஸ் போட்டுப் புது வாடகைக்கு வேறு ஆட்களை வைக்கப் போகிறார் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. நான் முன்னால் போய், "திரும்பி வர வுடுவேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே மூட்டைய கட்டுறோம்" என்றேன். அவர் காரில் ஏறிவிட்டார்.

அடுத்த மாதம் பிறந்து கொத்தனார்கள் வந்தபோது பெண்கள் எல்லோரும் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்துவிட்டோம். சும்மா உட்காருவானேன் என்று பாய் வீட்டம்மா சின்ன வெங்காயத்தை முறத்தோடு கொண்டுவந்தார். பேசிக்கொண்டே உரித்தோம். கொத்தனார்கள் கொஞ்ச நேரம் நின்றுபார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பதிலுக்கு ஓனர் மோட்டார் அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டார். மேலே தொட்டி காலியானது. குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குக் கிளம்பியபோது அக்கா வழிமறித்தார். கையில் பச்சை டியூப்.

"எங்க போறீங்க? என் வூட்டுக்குத் தனி மோட்டாரு, எந்நேரமும் குழாய்ல தண்ணி வருது. இத மேல இழுத்துட்டுப் போங்க."

தம்பிக்குச் செய்தி போய்விட்டது. மறுநாளே அரியலூரிலிருந்து வந்து வாசலில் நின்று கத்தினார்.

"ஏங்க்கா, நீ யாரு பக்கம்?"

"தண்ணிக்கு என்னடா பக்கம்? குடிக்கிற தண்ணிய பூட்டி வெக்க ஒனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?"

"நாளைக்கு இடிஞ்சு விழுந்தா என்னையத்தானே புடிப்பாங்க! இவங்கள காப்பாத்தத்தான் போகச் சொல்றேன்."

"அத பூட்டு போட்டுத்தான் சொல்லணுமா?"

அவர் அக்கா வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அக்கா அன்று முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். எங்களால் ஒரு குடும்பம் முறிந்துவிட்டதோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் டியூபை நாங்கள் கழற்றவில்லை.

பிறகு இரண்டு நாள் விடாமல் கோடைமழை பெய்தது. மழை விட்ட மத்தியானம் ஓனர் மறுபடி வந்தார். வாசலில் அவரும் கண்டக்டரும் வழக்கம்போல வாக்குவாதம் செய்துகொண்டிருக்க, நான் படியில் இறங்கி வந்து பாதியில் ஏதோ நினைவு வந்து திரும்பினேன். பின்னால் இடி விழுந்ததுபோல ஒரு சத்தம். படிக்கட்டுக்கு மேலிருந்த கூரையில் ஒரு பெரிய துண்டு பெயர்ந்து, நாங்கள் உட்கார்ந்து வெங்காயம் உரித்த இடத்தில் நொறுங்கிக் கிடந்தது. புழுதி எழுந்து கண்ணை மறைத்தது.

புழுதிக்குள் முதலில் ஓடிவந்தவர் ஓனர். "புள்ளைங்க யாரும் அடியில இல்லியே? இல்லியே?" என்று கேட்டுக்கொண்டே வெறுங்கையால் காரையைப் புரட்டினார். பாய் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் மேலே கைப்பிடியைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிக் குடித்தார்.

கட்டடம் மோசம் என்று அவர் சொன்னது உண்மை என எங்களுக்கு விளங்கியது. நாங்கள் எதற்குப் பயந்தோம் என்பது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். "திரும்பி வாங்க, யாரையும் வேணாங்கல. வாடகையும் நாயமா பேசிக்கலாம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"அதுவரைக்கும் எங்க சார் போறது?" என்றார் பாய்.

அக்கா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். "அந்த வூடு பூட்டித்தானே கெடக்கு. ஒவ்வொரு மாடியா வேலைய பாரு. மாடிக்காரங்க கீழ வந்து இருக்கட்டும்."

"மருமவன் வந்தா?"

"அவன் வர்றப்ப பாத்துக்கலாம். இவங்க சாமானெல்லாம் என் வூட்டுல இருந்தா, இவங்கள நீ எப்படித் தொரத்துவ?"

ஓனர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இன்ஜினியரைக் கேட்டதில், முட்டுக் கொடுத்துக்கொண்டு மேலிருந்து ஒவ்வொரு மாடியாகச் செய்யலாம், நாள்தான் கூடும் என்றார். வாத்தியார் குடும்பம் மட்டும் குரும்பலூரில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனது. அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அதில் தப்பும் இல்லை.

முதலில் கண்டக்டர் குடும்பம் கீழே வந்தது. மேல் மாடி வேலை முடிந்து அவர்கள் திரும்பிப் போனதும் நாங்களும் பாய் குடும்பமும் சேர்ந்தே இறங்கினோம். ஒரே அடுப்படி. பாய் வீட்டம்மா மல்லித்தூளை அள்ளிக் கொட்டுவார், நான் மிளகாயைக் கூட்டுவேன். இரண்டு பேர் ரசமும் கலந்து மூன்றாவதாக ஒரு ரசம் உண்டானது. சாரத்தில் நின்று கொத்துகிற சத்தத்துக்கு நடுவே பாயின் பெண்கள் சத்தமாகப் பாடம் படித்தார்கள். ஆலைப் புழுதியோடு வரும் என் கணவர், வீட்டிலும் புழுதியைப் பார்த்துவிட்டு, "எனக்கு வேலை முடியவே மாட்டேங்குது" என்று சிரிப்பார்.

என் தையல் மிஷினை அக்காவின் முன்னறையில் போட்டிருந்தேன். படியேற முடியாமல் வராதிருந்த வயதான பெண்கள் எல்லாம் வரத் தொடங்கினார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி கட்டுவார், ஓரம் அடிப்பார். முன்பெல்லாம் நாள் முழுக்கப் பார்த்த டிவியை மறந்துவிட்டார். வேலையைப் பார்க்க வரும் ஓனர் முதலில் வாசலோடு நிற்பார். பிறகு உள்ளே வந்தார். பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கே சரியாக வந்தார். "அக்கா வெக்கிற கொழம்பு அப்புடியே அம்மா வெக்கிறாப்புல இருக்கும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அது பாய் வீட்டம்மா வைத்த குழம்பு. நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

வேலை முடிந்து நாங்கள் மேலே ஏறியாயிற்று. ஜன்னல்கள் பெரிதாகிவிட்டன, வாடகையும் கொஞ்சம் கூடிவிட்டது. மிஷின் மட்டும் மேலே வரவில்லை. அக்கா அனுப்ப மறுத்துவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. இப்போது பெயிண்ட் அடிக்கும் நேரம். ஓனர் கட்டடம் முழுக்கக் கிளிப்பச்சை அடிக்க வேண்டும் என்கிறார். எங்கள் பக்கம் மூன்று வீடும் ஒன்றாக நின்று சந்தன நிறம் கேட்கிறோம். நேற்று வாசலில் அரைமணி நேரம் சண்டை. பாதியில் அக்கா டீ கொண்டுவந்தார். குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம்.