தட்டிக்கு அந்தப் பக்கத்து இங்கிலீஷ்

அம்மாவைப் போன மாதம் அடக்கம் செய்தோம். பெயர் வியாகுலமேரி. முப்பது வருடத்துக்கு மேல் மதுரையில் நர்ஸாக இருந்தாள். அந்த வேலைக்கு அவள் போன விதத்தை அவளும் சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் பாடம் எடுத்த மிக்கேல் வாத்தியாரும் சொல்லியிருக்கிறார். இரண்டும் பொருந்துகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

1936. மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். மாதா கோயிலை ஒட்டிய நீளமான ஒரே கூடம்தான் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பு வரை உண்டு. மத்தியானம் பையன்களுக்கு இங்கிலீஷ், பெண்களுக்குத் தையல். நடுவே குறுக்காக ஒரு தென்னந்தட்டி. தட்டி சத்தத்தை விடும், பார்வையை விடாது.

மிக்கேல் வாத்தியார் பயிற்சிப் பள்ளியில் கற்றுவந்த முறை புதியது. இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் கூடாது. எதையும் காட்ட வேண்டும், அல்லது செய்ய வேண்டும். கதவு என்று சொல்ல மாட்டார். கதவு வரை நடந்துபோய் அதைத் தொட்டு, ‘டோர்’ என்பார். திட்டுவதும் இங்கிலீஷில்தான். அதில் பெரும்பங்கு நல்லகண்ணு என்ற பையனுக்கு.

அந்த வருடம் மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து பங்குச் சாமியாருக்குச் சொல்லியனுப்பினார்கள். எட்டாம் வகுப்பில் இங்கிலீஷும் தேறிய பெண்களை நர்ஸ் பயிற்சிக்கு எடுப்பார்களாம். அம்மா பள்ளிக்குத் தாமதமாகச் சேர்ந்தவள். எட்டாம் வகுப்பில் அவளுக்கு வயது பதினைந்து. தை பிறந்ததும் மாமன் மகனுக்குக் கட்டிவைப்பதாகப் பேச்சு. அவளுக்கு மதுரைக்குப் போக வேண்டும். அவளைப் பெற்ற செபஸ்தியம்மாள் அதைக் காதில் வாங்கவே இல்லை. தலைமை ஆசிரியர் ஒரு வழி சொன்னார். இன்ஸ்பெக்டர் வரும்போது அவர் முன்னால் இங்கிலீஷில் பதில் சொல்லட்டும். அவர் சம்மதித்தால் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

அம்மா கையில் ஊசியோடு தட்டிக்குப் பின்னாலிருந்து பாடத்தைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள். மனப்பாடத்தில் அவளுக்குப் பழக்கமான வகை ஒன்றுதான். பூசையில் சாமியார் லத்தீனில் சொல்வதும் ஜனங்கள் திருப்பிச் சொல்வதும் அந்த ஊரில் பலருக்கு அட்சரம் பிசகாமல் வரும். அர்த்தம் யாருக்கும் தெரியாது. இங்கிலீஷையும் அவள் அப்படியே படித்தாள். ஒரு சொல் விடவில்லை. எது யார் சொன்னது என்றும் பிரிக்கவில்லை.

ஆவணியில் இன்ஸ்பெக்டர் வந்தார். அம்மாவைத் தட்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர் தன் தொப்பியைக் கழற்றித் தூக்கிக் காட்டினார்.

“வாட் இஸ் திஸ்?”

அம்மா கை கட்டி நின்றாள். ஒரே மூச்சில், மிக்கேல் வாத்தியாரின் குரலிலேயே சொன்னாள்: “திஸ் இஸ் எ புக். நோ, நல்லகண்ணு! திஸ் இஸ் எ ஸ்லேட். ஸ்டாண்ட் அப். யூ ஆர் எ டாங்கி. ஸிட் டவுன்.”

பின்வரிசையில் நல்லகண்ணு எழுந்து, உட்கார்ந்தான்.

இன்ஸ்பெக்டர் தமிழுக்கு வந்தார். “என் தொப்பி சிலேட்டா? சரி, இருக்கட்டும். கழுதைன்னு சொன்னியே, அது யாரு, நானா?”

“கழுதையா? தெரியாதுங்கய்யா. அதுவும் பாடத்துல வர்றதுதான். தெனமும் வருது.”

பையன்கள் சிரித்தார்கள். மிக்கேல் வாத்தியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அர்த்தம் தெரியாமத்தான் இவ்வளவும் சொன்னியா?”

“பூசையில சொல்றதுக்கும் அர்த்தம் தெரியாதுங்கய்யா. இதுக்காச்சும் வாத்தியாரு எதையோ தூக்கிக் காட்டுறாக. தட்டிக்கு அங்கிட்டு இருக்கவளுக்கு அது எப்பிடித் தெரியும்?”

இன்ஸ்பெக்டர் தட்டியின் மறுபக்கம் போய், அம்மா வழக்கமாக உட்காரும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, “இந்தப் பொண்ணு இனிமே இந்தப் பக்கம் உட்காரட்டும்” என்றார்.

மறுநாளே செபஸ்தியம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

“ஏன் வாத்தியாரே, இம்புட்டுப் பயலுகளுக்கு நடுவுல ஒத்தப் பொட்டப்புள்ள உக்காந்தா மாமன் வீட்டுல என்ன சொல்லுவாக?”

“என்னயக் கேட்டா? நான் வையிறத எல்லாம் ஒங்க மக இன்ஸ்பெக்டர்கிட்ட ஒப்பிச்சுட்டா. எனக்கே அவ மேல கோவந்தான்.”

“அப்பச் சேத்துக்கிறாதீக.”

“அதெப்பிடி? ஒரு சொல்லு பிசகலையே! இந்தப் பயலுகள்ல ஒருத்தனுக்கு அப்பிடி வருமா? நம்பிக்கை இல்லையின்னா நீங்களும் வந்து கூட உக்காருங்க.”

அவர் எரிச்சலில் சொன்னது. செபஸ்தியம்மாள் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டாள். மத்தியானம்தோறும் கொட்டை எடுக்கக் கூடையில் புளியோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

மிக்கேல் வாத்தியாரின் பாடத்துக்கு வாசல் இல்லாமல் முடியாது. ‘கோ டு த டோர்’ என்றால் ஒருவன் எழுந்து வருவான். அவள் நீட்டிய காலை மடக்க வேண்டும். முதலில் ஆள் வந்து நின்ற பிறகு மடக்கினாள். ஐப்பசிக்குள், வாத்தியார் சொல்லி முடிக்கும்போதே மடக்கினாள். ஒரு நாள் நல்லகண்ணு ஜன்னலுக்குப் போகாமல் வாசலுக்கு வந்து நின்றான்.

“ஏலே, ஒன்னயச் சன்னலுக்குல்ல போகச் சொன்னாக?”

“ஆத்தா, இங்கன தமிழ் கூடாது” என்றார் வாத்தியார்.

தை மாதம் மாமன் வீட்டார் நாள் குறிக்க வந்தார்கள். மறுத்தது செபஸ்தியம்மாள்தான். “பரிச்சை முடியட்டும். பாதியில நிறுத்துனா நான் இம்புட்டு நாளு வாசல்ல உக்காந்தது எதுக்கு?” பரீட்சை முடிவு வருவதற்குள் மாமன் மகனுக்குத் தேவதானப்பட்டியில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள்.

அம்மா தேறினாள். வைகாசியில் தேனி ஸ்டேஷனில் மதுரை வண்டி ஏறினாள். மிக்கேல் வாத்தியாரும் வழியனுப்ப வந்திருந்தார். இனி வருவது வாத்தியார் மட்டும் சொன்னது. வண்டி போன பிறகு செபஸ்தியம்மாள் பிளாட்பாரத்தை விட்டு உடனே நகரவில்லை.

“பள்ளிக்கூடம் எப்பத் தெறக்குது, வாத்தியாரே?”

“ஆனியில.”

“மத்தியானம் அதே நேரந்தானா?”

“அதே நேரந்தான்.”

ஆனியில் பள்ளி திறந்தது. ஒரு நாள் செபஸ்தியம்மாள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள் என்றார் வாத்தியார். வகுப்பில் பையன்கள் மட்டும்தான் இருந்தார்கள். மறுநாள் வரவில்லை.