மாலைக்குள் திருப்பித் தர வேண்டிய பட்டு

பட்டாபிராமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான பொழுதை என் மனைவி கொரியாவில் கழித்தாள். தமிழில் குரல் சேர்க்கப்பட்ட அந்நாட்டுத் தொடர்களைக் கைப்பேசியில் பார்ப்பாள். ராஜா காலத்துக் கதை ஒன்றில், குன்றின் மேல் வளைந்தேறும் கோட்டை மதிலைக் கண்ட நாள் முதல் அவளுக்கு ஒரே ஆசை. எங்கள் மகனும் மருமகளும் வேலை பார்ப்பதும் அந்த நாட்டில்தான்.

“அங்க போனா, அவங்க பாவாடைய கட்டிக்கினு அந்த மதிலாண்ட நின்னு ஒரு போட்டோ புடிச்சிக்கணும்.”

“இந்த வயசுலயா?”

“கோட்டைக்கு இன்னா வயசு கம்மியா? அதுவே ஜம்முனு நின்னுகினு கீது.”

இருவருக்கும் விசா வந்தது. ஐப்பசியில் ஒரு காலை, பால் பொங்குவதற்குமுன் அடுப்பருகே சரிந்தாள். ஆவடி மருத்துவமனையை அடையும்போது செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் இறந்த பெண்ணுக்குப் புதுப்புடவை வைத்துப் படைப்போம். படைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொள்வாள். மருமகள் உடுத்துவது இன்னும் விசேஷம். காரியத்துக்கு மகன் மட்டுமே வந்தான். மருமகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. படைத்த புடவையை மனைவியின் தங்கை உடுத்திக்கொண்டாள்.

சித்திரையில் மகன் வற்புறுத்தி அழைத்தான். வேப்பம்பட்டிலிருந்து மனைவியின் தங்கை வந்து, படையலில் வைத்த மஞ்சளையும் குங்குமத்தையும் தாளில் மடித்து மருமகளுக்கென்று தந்தாள். கூடவே ஓர் எச்சரிக்கையும்.

“மாமா, வருசம் திரும்பாம மலை ஏறக்கூடாது. கோயிலோ கோட்டையோ, மலைன்னா மலைதான்.”

தலையசைத்தேன். இவற்றையெல்லாம் நம்புகிறவன் அல்லன் நான். ஆனால் மனைவிக்கென்று கடைப்பிடிக்க எனக்கு மிஞ்சியிருந்தவை இத்தகைய விலக்குகள் மட்டுமே.

கொரியா போய்ச் சேர்ந்த பின், அந்தக் கோட்டை இருக்கும் சூவோன் என்னும் ஊருக்கு மகன், மருமகள், நான் மூவரும் ஒரு சனிக்கிழமை ரயிலில் போனோம். கோட்டைக்கு அருகில் அந்நாட்டு மரபுடையை வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. வயதில் மூத்த கடைக்காரப் பெண்மணி ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். மருமகள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்களே எடுங்க மாமா.”

கருநீலப் பாவாடையையும் மாம்பழ மஞ்சளில் குட்டைச் சட்டையையும் சுட்டினேன். யாருக்கு உகந்த நிறம் என்று அவள் கேட்கவில்லை. உடையை மடித்து அங்கிருந்த முக்காலியில் வைத்தாள். அதன்மேல் கைப்பேசியைச் சாய்த்து மாமியாரின் படத்தைத் திரையில் கொண்டுவந்தாள். என் சட்டைப்பையிலிருந்த தாள் மடிப்பை நீட்டினேன். மஞ்சளைத் தொட்டுச் சட்டையின் ஓரத்தில் தீற்றி, உடையைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

“ஐயோ, அது வாடகைத் துணி!” என்றான் மகன்.

அதுவரை எங்கள் இருவருக்கும் அது நினைவில் இல்லை. கடைக்காரப் பெண்மணி ஈரத்துணியோடு விரைந்து வந்தார். மகன் கொரிய மொழியில் மன்னிப்புக் கேட்டு ஏதோ விளக்கினான். அவர் கைப்பேசியிலிருந்த முகத்தைப் பார்த்தார். கறையைத் துடைக்காமல், அந்த ஓரத்தை உட்புறமாக மடித்து மருமகளுக்கு உடுத்திவிட்டார்.

அந்தக் கோட்டையைக் கட்டிய அரசர், கொடுமையான முறையில் இறந்த தம் தந்தையின் கல்லறையை அவ்வூருக்கு அருகே மாற்றிய பின் இதை எழுப்பினாராம். ஆங்கிலத்தில் இருந்த அறிவிப்புப் பலகையை இருமுறை படித்தேன். தமிழில் எழுதியிருந்தால் மூன்றாம் முறையும் படித்திருப்பேன். மகன் மேலே போகலாமா என்று கேட்டுவிடக்கூடாதே என்ற அச்சம்.

கேட்டான். “அம்மா பாத்த எடம் மேலதாம்ப்பா.”

மதில் குன்றின்மீது ஏறிப் போயிற்று. கீழே நின்றே படம் எடுக்கலாமே என்றேன். மனைவி சொன்ன இடம் அதுவல்ல என்பது மூவருக்கும் தெரியும். மருமகள் வேப்பம்பட்டுக்கு வீடியோ அழைப்புப் போட்டாள். மனைவியின் தங்கை முதலில் உடையைத்தான் பார்த்தாள்.

“அக்கா கலரு,” என்றாள். பிறகு, “எங்க, மலைய காட்டு. இதுவா மலை? ஏரிக்கரையாட்டம் கீது. ஏறுங்க மாமா. அக்காவ தனியா உட்டுட்டு கீழ நின்னுகினு இன்னா பண்ணப்போறீங்க?”

ஏறினேன். மேலே காற்றில் பாவாடை உப்பிப் புரண்டது. மருமகள் அதை இரு கைகளாலும் அமுக்கிப் பிடித்தாள். என் மனைவியாக இருந்தால் விட்டுவிட்டுச் சிரித்திருப்பாள். மகன் என்னையும் நிற்கச் சொன்னான். மருமகளுக்கும் எனக்கும் நடுவே ஓர் ஆள் நிற்குமளவு இடம் விட்டு நின்றிருக்கிறேன் என்பதைப் படத்தில்தான் கண்டேன்.

படைத்த புடவை வீட்டிலேயே இருக்கும். இதை மாலைக்குள் திருப்பித் தர வேண்டியிருந்தது. கடைக்காரப் பெண்மணி இரு கைகளாலும் வாங்கி, மற்ற உடைகளுக்கு இடையே கம்பியில் மாட்டினார். விலைக்குத் தருவீர்களா என்று கேட்கும்படி மகனிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் கேட்டது ஒரு படம் மட்டுமே.

வெளியே வந்ததும் மருமகள் தாள் மடிப்பைத் திருப்பிக் கொடுத்தாள். அதில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் இருந்தது.

“உனக்குத்தாம்மா,” என்றேன்.