கட்டுமரம் யாருடைய சொல்

ஒஸ்லோவிலிருந்து தீவுகளுக்குப் போகும் பயணிகள் படகில் உதயகுமாரிக்குப் பதினொரு வருட வேலை. கயிறு வீசிக் கட்டுவாள், ஏறுபலகை போடுவாள், குடித்துவிட்டு ஏறுகிறவனை ஒரே பார்வையில் உட்காரவைப்பாள். அந்த வசந்தத்தில் நிர்வாகம் இரட்டை அடிப்பாகம் கொண்ட கட்டமரான் வகைப் புதுப் படகொன்றை விட்டது. உள்ளே நான்கு மொழிகளில் ஒரு விளக்கப் பலகை: ‘கட்டமரான் என்பது பொலினேசியச் சொல்.’

பிறந்த ஊரான மயிலிட்டியில் அவளுடைய தகப்பன் ஏறிக் கடலுக்குப் போனது கட்டுமரம். திருத்தச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதினாள். ‘பயணிகள் எவரும் முறையிடவில்லை’ என்று ஒற்றை வரி வந்தது. அன்றைக்கே ‘பொலினேசிய’ என்ற சொல்லின்மேல் வெள்ளை நாடா ஒட்டி, நான்கு மொழிகளிலும் ‘தமிழ்’ என்று எழுதினாள். யாரோ பிய்த்தார்கள். திரும்ப ஒட்டினாள். மூன்றாம் முறைக்குப் பிறகு விசாரணைக்கு அழைப்பு வந்தது.

“அம்மா, ஒரு சொல்லுக்காக வேலையை விடப்போறியளோ?” என்றாள் மகள் ஹம்சிகா.

“நான் விடேல்லை. வேணுமெண்டா அவையள் நிப்பாட்டட்டும்.”

“அவையளுக்கு உது பெரிய விசயமில்லை.”

“அப்ப திருத்திறதும் பெரிய வேலையில்லைத்தானே?”

மறுநாள் ஹம்சிகா நூலகத்துக்குக் கூடவே வந்து, பலகையிலிருந்த நான்கு மொழிகளின் தடித்த அகராதிகளில் இரண்டைத் தானே சுமந்தாள்.

விசாரணை அறையில் பொறுப்பாளர் எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினார். உதயகுமாரி அதன்மேலேயே அகராதிகளை அடுக்கினாள். நோர்வேஜியத்திலும் ஜெர்மனிலும் இரட்டைப் படகு. பிரெஞ்சில் நீர்விமானத்தின் மிதவைக்கும் அதே பேர். பொருள் எங்கெங்கோ போயிருந்தது. மூலம் என்று போட்ட இடத்தில் மட்டும் நான்கிலும் தமிழ்.

பொறுப்பாளர் ஆங்கில அகராதியை இழுத்துப் பார்த்துச் சிரித்தார். “இதில் இன்னொரு பழைய பொருளும் இருக்கிறது. சண்டைக்காரி.”

கூட வந்திருந்த போலந்துக்காரி, படகின் தலைவி கரோலினா, முகம் சிவந்து எழுந்தாள். உதயகுமாரி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“அதையும் பலகையில் போடுங்கள்,” என்றாள் நோர்வேஜியத்தில். “கீழே என் பேரையும் போடுங்கள். ஆனால் பொலினேசியாவை எடுத்துவிடுங்கள். அந்த மக்களிடமும் சொந்தப் படகுண்டு, சொந்தச் சொல்லுண்டு. எங்களுடையதைக் கொடுத்து அவர்களை ஏன் அவமதிக்கிறீர்கள்?”

கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தாள். தொழிற்சங்கத்துக்குச் சொன்னாள். மறுநாள் வழக்கம்போலக் காலை ஆறு மணிக்குப் படகில் நின்றாள். நாடாச் சுருள் அவளது சட்டைப் பையில் எல்லாரும் பார்க்கும்படி புடைத்துக்கொண்டிருந்தது.

ஐந்து வாரம் போனது. ஒருநாள் மதியம் வேலையாட்கள் இருவர் வந்து பழைய பலகையைக் கழற்றி, புதியதை மாட்டினார்கள். மன்னிப்பு என்று ஒரு வரியும் வரவில்லை. எச்சரிக்கைக் கடிதமும் அவளது கோப்பிலிருந்து நீங்கவில்லை. பலகையில் ‘தமிழ்’ இருந்தது, நான்கு மொழிகளிலும்.

கரோலினா சுக்கான் சக்கரத்தைப் பிடித்தபடி, “போலந்து மொழியிலும் அது கட்டமரான்தான்,” என்றாள்.

“அப்படியென்றால் ஐந்தாவதாக அதையும் எழுதச் சொல்கிறேன்,” என்று சொல்லிவிட்டு உதயகுமாரி கயிற்றை அவிழ்க்கப் போனாள்.