பின்னால் ஓடிய ஆண்டவர் படம்

கிறிஸ்துமஸ் படம் என்றால் பனி கொட்ட வேண்டும், சிவப்புத் தொப்பிக் கிழவர் வர வேண்டும், பிரிந்த குடும்பம் கடைசிக் காட்சியில் சேர வேண்டும் என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் பனி என்பது அப்பா வேலை பார்த்த மில்லின் கழிவுப் பஞ்சு. படம் என்பது ஒன்றே ஒன்று: ஆண்டவர் படம். மாட்டுத் தொழுவத்தில் தொடங்கி, சிலுவையில் அரை மணி நேரம் நின்று, கல்லறை திறந்து முடியும். பிறந்தநாளுக்கு வந்தவர்களுக்குச் சாவைப் போட்டுக் காட்டி, அழவைத்து, அதன்பிறகு பிரியாணி பரிமாறி அனுப்புகிற குடும்பம் எங்களுடையது.

வருடம், கிழமை, மணி எல்லாம் எழுதிவைப்பது என் வழக்கம். ஆகவே உறுதியாகச் சொல்லலாம்: 1985 புதன்கிழமை தொடங்கி 1989 திங்கள்கிழமை வரை ஐந்து கிறிஸ்துமஸுக்கு இதே படம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் குடியிருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, காலை பத்தரைக்கு வாடகைக் காரில் வந்து இறங்குவார். பின்சீட்டில் கலர் டிவியும் வீடியோ டெக்கும் புதுப் பெண் மாப்பிள்ளை மாதிரி போர்வைக்குள் உட்கார்ந்திருக்கும். எல்லாம் வாடகை. ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கேசட் இரண்டு. முதலில் ஆண்டவர், அடுத்தது சண்டைப் படம். ஆண்டவரை முதலில் போடுவது அப்பாவின் பக்தி. அவரைச் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்பது மற்றவர்களின் பக்தி.

சரியாகப் பதினொன்றுக்குப் படம் தொடங்கும். பதினொன்று இருபதுக்குள் பாலகன் பிறந்து, ஞானிகள் வந்து போய், பையன் வளர்ந்துவிடுவான். அந்த இருபது நிமிடம் அம்மா கூடத்தில் இருக்க மாட்டாள். 1985இல் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. 1986இல் தெருவுக்குப் பலகாரத் தட்டுகள் கொண்டு போனாள். 1987இல் கறி வேகவில்லை. 1988இல் எல்லாம் வெந்திருந்தது, விருந்தாளிகள் காப்பி கேட்டார்கள். மகள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து, படம் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். வரலாற்றுக்கும் ஓர் ஆள் வேண்டுமே.

ஒவ்வொரு வருடமும் அம்மா கதவோரம் வந்து கேட்பாள். "என்னங்க, செத்த நேரம் பொறுத்துப் போடக் கூடாதா? பொறப்புக்குத்தான பண்டிகை? நான் அதப் பாக்கவே இல்லியே."

"பதினொண்ணுன்னா பதினொண்ணுதான். ஒனக்குத் தெரியாத கதையா ஏட்டி?" என்பார் அப்பா.

"கதை தெரியும். படத்தப் பாக்கணும்."

படம் முடிந்ததும் கொஞ்சம் பின்னால் சுற்றிக் காட்டலாமே என்று மாமா ஒரு தடவை சொன்னார். அப்பாவுக்கு வந்ததே கோபம். உயிர்த்தெழுந்தவரைத் திரும்பக் கொண்டுபோய் தொழுவத்தில் போடுவதா, அது வேதத்துக்கு விரோதம் என்றார். கேசட்டை ரீவைண்ட் செய்வது பற்றி வேதத்தில் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று அன்று முதல் தேடுகிறேன். இன்னும் கிடைக்கவில்லை.

ஆக, அம்மாவுக்குப் பிறப்பின் கதையைச் சொல்லும் பொறுப்பு எதிர்வீட்டு அக்காவிடம் வந்து சேர்ந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிற, வெள்ளிதோறும் தவறாமல் கோவிலுக்குப் போகிற அந்த அக்கா, ஒவ்வொரு வருடமும் எங்கள் வீட்டில் முதல் ஆளாக வந்து பிறப்பைப் பார்த்தவர். "ஒட்டகம் எம்புட்டு ஒசரம்ங்கிறீங்க! நீங்க பாக்கலையாக்கா? அய்யோ, பாத்திருக்கணும்" என்று வாசலில் நின்று அம்மாவுக்கு விவரிப்பார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் அம்மா வாயை மூடிக்கொண்டு கேட்பாள்.

1989 திங்கள்கிழமை. பகல் ஒரு மணி. சிலுவையில் ஆணி அடித்து முடித்திருந்தார்கள். கூடத்தில் அழாத கண் இல்லை. அப்போது யாரோ குறுக்கே எழுந்து போக, ஒரு காட்சி மறைந்துவிட்டது என்று பின்னாலிருந்து சத்தம். மாமா அப்பாவைப் பார்க்காமல் ஒரு பொத்தானை அழுத்தினார். அழுத்தின பொத்தான் உள்ளேயே நின்றுவிட்டது.

படம் பின்னால் ஓடத் தொடங்கியது. திரையில் கோடு கோடாக விழுந்தது, சத்தம் இல்லை. சிப்பாய்கள் மளமளவென்று ஆணிகளைப் பிடுங்கினார்கள். ஆண்டவர் இறங்கிவந்து, சிலுவையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே மலை இறங்கினார்.

"அம்மய்யா! விட்டுட்டாங்க!" என்று எதிர்வீட்டு அக்கா பெருமூச்சு விட்டார்.

"நிப்பாட்டுலே!" என்றார் அப்பா.

"நிக்க மாட்டேங்குது அத்தான். பிளக்கைப் புடுங்கினா டேப் உள்ள சிக்கிரும். அதுவா ஆரம்பத்துக்குப் போய்த்தான் நிக்கும்."

"அப்ப துண்டைப் போட்டு மூடு."

கூடத்துச் சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். குருடன் ஒருவன் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்து மறுபடி குருடானான். ஐந்தப்பம் சாப்பிட்டவர்கள் எல்லோரும் பசியோடு திரும்பிப் போனார்கள். அப்பா துண்டை விரித்துக்கொண்டு எழுந்தார்.

"மூடாதிய," என்றாள் அம்மா. "ஆரம்பத்துக்குத்தான போகுதுன்னு சொல்லுதான்? போகட்டும்."

அப்பா துண்டோடு நின்றார். அம்மா அவரைச் சுற்றிக்கொண்டு போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். கரண்டி மடியில். கால்மணி நேரம் படம் பின்னாலேயே ஓடியது. ஞானிகள் வந்து, கொடுத்த பரிசுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒட்டகத்தில் பின்பக்கமாகப் போனார்கள். டக்கென்று பொத்தான் வெளியே வந்தது. படம் நின்றது.

"விட்ட எடத்துக்கு ஓட்டுலே," என்றார் அப்பா.

"மொதல்ல இருந்து போடு தம்பி," என்றாள் அம்மா.

மாமா இருவரையும் பார்த்தார். அத்தான் வருடம் ஒரு நாள் அதட்டுவார், அக்கா வருடம் முழுவதும் சோறு போடுவாள். கணக்கு அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முதலிலிருந்து போட்டார்.

"அடுப்புல பிரியாணி?" என்றார் அப்பா.

"தம்முல கெடக்கு. நீங்க போய்ப் பாருங்க."

அம்மா பிறப்பைப் பார்த்தாள். கழுதை வந்தது, சத்திரக்காரன் இடமில்லை என்றான், தொழுவத்துக் கதவு மூடியது, வெளியே நட்சத்திரம் ஒன்று மினுக்கியது, கதவு திறந்தபோது துணியில் சுற்றிய பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. பெற்றவள் தலைமுடி கலையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் அம்மா.

மடியிலிருந்த கரண்டியை எடுத்துத் திரையைக் காட்டினாள்.

"ஆணி அடிச்சத அர மணி நேரம் காட்டுதான். பெத்தவ பட்ட வலிக்குக் கதவச் சாத்திட்டான்."

எதிர்வீட்டு அக்கா, மூன்று பெற்றவர், முதல் தடவையாக அந்தப் படத்தைப் பற்றிச் சந்தேகத்தோடு யோசித்தார். "ஆமாக்கா. அஞ்சு வருசமாப் பாக்கேன், எனக்குத் தோணவே இல்லியே."

மாமா மெதுவாக, "விட்ட எடத்துக்குப் போகட்டுமாக்கா?" என்றார்.

"வேண்டாம். சாகுறத அஞ்சு வருசமும் அடுப்படியில இருந்தே கேட்டாச்சு. அந்தச் சண்டைப் படத்தப் போடு. அதையும் நான் பாத்ததில்ல."

அடுப்படியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஏட்டி, அடி பிடிக்குதாப்ல இருக்கு. என்ன செய்யணும்?"

"எறக்கி வைங்க," என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பொறவு எல்லாருக்கும் எல போட்டுருங்க."